வெளியே தொங்கும் பூட்டு

விருதுநகர்
8-7-1964

அன்புள்ள அய்யாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மிளகாய் வத்தல் நெடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தும்மிக்கொண்டேதான் கல்லூரிக்குள் நுழைந்தேன். கேட்டில் நின்ற காவலாளி பொன்ராஜ், "ஊருக்குப் புதுசாம்மா? நாலு நாள்ல மூக்கு பழகிரும்" என்றார்.

ஹாஸ்டல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. வகுப்பு மணி அடித்த பிறகு கிளம்பினால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஓர் அறைக்கு நான்கு பேர். பக்கத்துக் கட்டில் மூக்கம்மாள், வெம்பக்கோட்டைக்காரி, கம்பும் பருத்தியும் போடுகிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. நான் விசுவநத்தம் என்றதும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாள். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்றேன். உடனே என் பெட்டியைத் தன் கட்டிலிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, "உள்ள என்னத்தடி வச்சிருக்க?" என்றாள். அறையே சிரித்தது. சாம்பாரைப் பற்றி எழுதவில்லை, நீங்கள் வருத்தப்படுவீர்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். இங்கே காவல் பலம். ராத்திரி எட்டு மணிக்கு முன் கதவு, பின் கதவு இரண்டையும் வார்டன் ஞானதீபம் அம்மா வெளியே பூட்டிவிட்டு, சாவியை எதிரே இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். காலையில்தான் திறப்பார். ஜன்னலில் கம்பி கைத்தடி கனம். ஒரு காக்காய்கூட உள்ளே வர முடியாது. நிம்மதியாக இருங்கள்.

உங்கள் மகள்
ராமுத்தாய்

*

விசுவநத்தம்
12-7-1964

தாயி ராமுத்தாய்க்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். காக்காய் உள்ளே வர முடியாது, சரி. உள்ளே இருக்கிற பிள்ளைகள் வெளியே எப்படி வருவது?

பூட்டு வெளியே, சாவி எதிர் வீட்டில், ஜன்னலில் கம்பி. இதையா நிம்மதி என்று எழுதியிருக்கிறாய்? கீழே கேட்பதற்கு நன்றாகப் பார்த்து எழுது. கதவு உள்பக்கம் திறக்கிறதா, வெளிப்பக்கம் திறக்கிறதா? சமையல்கட்டு எந்தப் பக்கம்? விறகு எங்கே அடுக்கியிருக்கிறார்கள்? கரண்டு போனால் என்ன விளக்கு? அந்த விளக்கை எங்கே வைப்பார்கள்? வார்டன் அம்மா தூங்கிப் போனால் உங்கள் சத்தம் அவருக்குக் கேட்குமா?

உன் அம்மா சங்கதி உனக்குத் தெரியும். அப்போது உனக்கு ஒன்பது வயது, நினைவு இருக்கும். பெண்கள் வேலை முடியுமுன் எழுந்து போகக்கூடாது என்று அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை பின் கதவுக்கு வெளியே கொண்டி மாட்டியிருந்தான். தீ பிடித்தது முன் வாசல் பக்கம். அதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. இந்தக் கம்பெனியில் போர்மேன் ஆனதும் நான் செய்த முதல் வேலை, எல்லா அறைக் கதவிலும் இருந்த வெளிக் கொண்டிகளைக் கழற்றி எறிந்ததுதான். என் அறையில் முப்பது பெண்கள் சரம் பின்னுகிறார்கள், ஒரு கதவுக்கும் கொண்டி கிடையாது. எனக்குப் பூட்டின கதவு ஆகாது தாயி.

நம் லோடு கணக்குப் பார்க்கிற சீனிவாசகத்தின் அண்ணன் வீடு விருதுநகர் மிளகாய் மண்டிக்குப் பின்னால் இருக்கிறது. குடும்பத்தோடு இருக்கிறவர்கள். அங்கே நீ தங்கிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அறைப் பெண்களிடம் சொன்னேன். தங்கத்தாய் சிரித்துவிட்டாள். "ஊர்ல எல்லாரும் பொம்பளப் பிள்ளைக்குப் பூட்டுப் போட்ட இடமாத் தேடுவாக. நீங்க பூட்டு இல்லாத இடமாத் தேடுதீகளே அண்ணாச்சி" என்றாள். சிரிக்கட்டும். நீ போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு எழுது.

அய்யா
பெத்தணன்

*

விருதுநகர்
19-7-1964

அன்புள்ள அய்யாவுக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில். கதவு வெளிப்பக்கம் திறக்கிறது. சமையல்கட்டு பின் கதவை ஒட்டி, விறகு அதன் சுவர் ஓரம். கரண்டு போனால் அரிக்கேன் விளக்கு, ஜன்னல் திண்டில். வார்டன் அம்மாவுக்குச் சத்தம் கேட்குமா என்று மட்டும் கத்திப் பார்க்கவில்லை. பரீட்சையில்கூட இத்தனை கேள்வி வராது.

மண்டி வீட்டுக்கும் போனேன். நேற்று மூக்கம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கல்லூரி முடிந்து கடை வீதி முழுக்க நடந்து போக வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர்கள், டீக்கடை, அத்தனை கண்ணும் நம் மேல். போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார். "படிக்கிற பிள்ளையா, நல்லது, இவன வச்சுக்கிட்டே படிச்சிரலாம்" என்றார். எனக்குக் கொடுக்கும் இடம் ரேழி. எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்களாம். மிளகாய் மூட்டை அடுத்த சுவரில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் நானும் மூக்கம்மாளும் தும்மின தும்மலில் குழந்தை அழுதுவிட்டது.

இங்கே பத்து மணி வரை படிக்கும் அறையில் விளக்கு எரியும். கெமிஸ்டிரி புரியவில்லை என்றால் அடுத்த அறையில் ஓர் அக்கா இருக்கிறார். குளிக்கத் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறோம், சேர்ந்து சாப்பாட்டைத் திட்டுகிறோம். எனக்கு அறுபது பேர் கிடைத்திருக்கிறார்கள் அய்யா. அம்மா போன பிறகு நம் வீட்டில் நீங்களும் நானும் மட்டும்தான். நீங்கள் வெடிமருந்து வாசத்தோடு வந்து பேசாமல் படுத்துவிடுவீர்கள். இங்கே ராத்திரி முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு ரேழியில் போய்ப் படுக்க என்னால் ஆகாது.

உங்களுக்காக வார்டன் அம்மாவிடம் பூட்டைப் பற்றிக் கேட்டேன். "அறுபது அப்பாமாருங்க என்னை நம்பிப் பிள்ளைகள விட்டிருக்காங்க. சாவி உள்ள இருந்து, ஒரு பிள்ளை ராத்திரில காணாமப் போனா, உங்க அப்பாவா வந்து பதில் சொல்வாரு?" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. இனி கேட்க மாட்டேன்.

இது மருந்து அறை இல்லை. இங்கே வெடிக்கிறது வார்டன் அம்மா மட்டும்தான். நான் இங்கேயே இருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இருக்கிறேன்.

ராமுத்தாய்

*

விசுவநத்தம்
9-8-1964

தாயி,

சண்டை வேண்டாம். மூன்று வாரமாக யோசித்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த அறுபது பேரைப் பற்றி நீ எழுதியதை மறுபடி படித்தேன். அப்புறம் மனசு வரவில்லை.

வருகிற ஞாயிறு பார்வையாளர் நாள்தானே. வருகிறேன். முறுக்கும் சீவலும் கொண்டு வருகிறேன். யாரிடமும் எதுவும் பேசமாட்டேன். இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான்.

அய்யா

*

விருதுநகர்
19-8-1964

அன்புள்ள அய்யாவுக்கு,

நீங்கள் வந்து போன சந்தோஷத்தை எழுத உட்கார்ந்தேன். முறுக்கு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. நீங்கள் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துவிட்டுப் பொன்ராஜ் என்னிடம், "உங்க அய்யா கொத்தனாரா?" என்று கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சமையல்கட்டுப் பக்கம் போனவர் அத்தனை நேரம் வரவில்லையே, வழி தவறிவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

ஆனால் இப்போது எழுத வேண்டியது வேறு. நேற்று ராத்திரி வார்டன் அம்மா பின் கதவைப் பூட்டிவிட்டு, வழக்கம்போலப் பூட்டை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தார். பூட்டோடு கொண்டியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூக்கள் வெறுமனே துளையில் செருகியிருந்தன. உள்ளே இருந்து தள்ளினால் திறந்துகொள்ளும்.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். "யாருடி கழட்டினது? யாருக்காகக் கழட்டினது?" இந்த இரண்டாவது கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பெண்கள் ஹாஸ்டலில் பின் கதவுக் கொண்டி கழன்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தானாம். ஒவ்வொருத்தி கட்டிலையும் உதறிப் பார்த்தார்கள். கடைசியில் மூக்கம்மாளிடம் வந்து நின்றது. பின் கதவை ஒட்டியது எங்கள் அறை, அதில் வாசலோரக் கட்டில் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமன் மகன் வந்து கேட்டில் நின்று பேசிவிட்டுப் போனான். போதாதா?

அவள் அழவில்லை. "நான் எதுக்குக் கழட்டணும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அய்யா, பொன்ராஜைக் கூப்பிட வார்டன் அம்மா போன நேரம் நான் விளக்கைத் தூக்கித் துளைகளைப் பார்த்தேன். உள்ளே காகிதக் கூழும் பசையும் அடைத்திருந்தது. பசை லேசான நீலமாக இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுகிற பசை. பட்டாசுக் குழாய் சுற்றுகிற வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? யாரும் வருவதற்குள் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டேன். என் கை தானாகச் செய்தது. நகத்துக்குள் இன்னும் நீலம் இருக்கிறது.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை.

ராமுத்தாய்

*

விசுவநத்தம்
22-8-1964

தாயி ராமுத்தாய்க்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சீசன் சூடு பிடித்துவிட்டது. வடக்கே இருந்து ஆர்டர் மேல் ஆர்டர். நேற்று தூறல் போட்டது, காய வைத்த திரியெல்லாம் அள்ளி உள்ளே போட்டோம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. சரியாகச் சாப்பிடுகிறாயா? வெந்நீர் கிடைக்கிறதா?

இரண்டு நாளில் அவர்களே மறந்துவிடுவார்கள். கதவுக்குப் புதுக் கொண்டி போட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும். நீ படிப்பைப் பார்.

அந்தப் பிள்ளை மூக்கம்மாளை என்ன செய்வார்கள்?

அய்யா

*

விருதுநகர்
26-8-1964

அய்யா,

என்ன செய்வார்கள் என்று கேட்டீர்களே. செய்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவளுடைய அப்பா கோட்டைச்சாமியை வரவழைத்தார்கள். தலையில் துண்டோடு, காலில் கரிசல் மண்ணோடு நேராக வயலிலிருந்து வந்தவர். வார்டன் அம்மா சொல்வதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை. எங்கள் அத்தனை பேர் முன்னாலும் அவளை அறைந்தார். அவள் கம்மல் தெறித்து விழுந்தது, நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன். "படிச்சது போதும், வாடி வீட்டுக்கு" என்று பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். ஐப்பசியில் கல்யாணமாம். அந்த மாமன் மகனோடு இல்லை, வேறு யாரோ ஒருவனோடு. அவன்தான் காரணம் என்று நினைக்கிறாரே.

வாசல் தாண்டும்போது மூக்கம்மாள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அய்யா, எனக்கு வாய் இருந்தது, நாக்கு இருந்தது, நான் பேசவில்லை. "எங்க அய்யா செஞ்ச வேலை" என்று நான்கு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் அனுப்பிவிடுவார்களே என்று பயந்தேன். இப்போது அவள் வெறுங்கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள்தானே கழற்றினீர்கள்? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள். மழையைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும் எழுதினால் நான் படிக்க மாட்டேன்.

ராமுத்தாய்

*

விசுவநத்தம்
28-8-1964

தாயி,

ஆம். நான்தான்.

அன்றைக்கு வந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. இரண்டே கதவு, இரண்டுக்கும் வெளிப் பூட்டு. பின் சுவர் முழுக்கக் காய்ந்த வேலிக்கருவை விறகு. அடுப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்தால் போதும். வார்டன் அம்மா தூக்கம் கலைந்து, சாவி தேடி, எதிர் வீட்டிலிருந்து வருவதற்குள் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பித்தளைத் திருப்புளி எப்போதும் என் மடியில் இருக்கும். பசையை ஒரு டப்பாவில் ஊரிலிருந்தே கொண்டு வந்தேன். ஆக, முன்னமே நினைத்துத்தான் வந்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் போகிறேன் என்று எழுதியது பொய்.

பூட்டும் தொங்கட்டும், அவர்களுக்கு நிம்மதி. ஆபத்தென்றால் ஒரு தள்ளில் திறக்கட்டும், எனக்கு நிம்மதி. யாருக்கும் தெரியாமல் இருவருக்கும் நல்லது செய்துவிட்டதாக நினைத்து, பஸ்ஸில் ஏறினதும் தூங்கிவிட்டேன். பல நாளைக்குப் பிறகு வந்த தூக்கம். எங்கள் தொழிலில் ஒரு கதவு திறந்து கிடந்தால், உயிர் பிழைக்க வழி இருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தமும் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு பெண்ணைப் பெற்றவன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டேன். சீசனில் போர்மேன் லீவா என்று மேனேஜர் குதித்தார். குதிக்கட்டும். முதலில் வெம்பக்கோட்டைக்குப் போய்க் கோட்டைச்சாமியைப் பார்க்கிறேன். அப்புறம் உன் வார்டன் அம்மாவிடம் வருகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். பசையைத் துடைத்ததையும் சொல்ல வேண்டாம். அது என்னோடு போகட்டும். நீ அங்கேயே இருந்து படிக்க வேண்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

அய்யா

*

சீனிவாசகம் அண்ணன் வீடு
மிளகாய் மண்டிப் பின்புறம், விருதுநகர்
10-9-1964

அன்புள்ள அய்யாவுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். பதறாமல் படியுங்கள். கல்லூரியிலிருந்து நிறுத்தவில்லை. ஹாஸ்டலிலிருந்து மட்டும்தான்.

அன்றைக்கு நீங்கள் வார்டன் அம்மா முன்னால் நின்று சொல்லிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கோட்டைச்சாமியோடு கிளம்பிப் போய்விட்டீர்கள். நீங்கள் தலை குனிந்து நின்றதால் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் நம்பவில்லை. நீங்கள் போனதும், சமையலைப் பார்க்கிற மேட்ரன் அம்மாவிடம், "பாவம், அந்தப் பிள்ளையக் காப்பாத்த ரெண்டு அப்பாமாரும் சேர்ந்து கதை கட்டிட்டு வந்திருக்காங்க. பசை வச்சேங்கிறாரு, துளையில பசையே இல்லையே" என்றார். கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அந்தப் பசையைச் சுரண்டியது என் கைதானே. உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், தெரியும். சொல்லாமல் இருந்தால் மூக்கம்மாள் திரும்பி வர வழியே இல்லை.

வார்டன் அம்மா சாவிக் கொத்தை மேஜை மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "கழட்டினது உங்க அப்பா. அதுக்காக உன்னை அனுப்ப மாட்டேன், அவரு பயம் எனக்குப் புரியுது. ஆனா தெரிஞ்சுக்கிட்டே, ஒரு பிள்ளைய அடிச்சு இழுத்துட்டுப் போறதப் பார்த்துக்கிட்டு நின்னியே. உன்கூட ஒரே அறையில எந்தப் பிள்ளைய நம்பிப் படுக்க வைப்பேன்?"  அவர் சொன்னது நியாயம் என்று அப்போதே தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது. அதுதான் அதிகம் வலிக்கிறது.

மூக்கம்மாள் வந்துவிட்டாள். கல்லூரியில் பார்த்தேன். நீங்கள் அவர்கள் தெருவில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னீர்களாமே. "எங்க அய்யா உங்க அய்யாவ அடிக்கக் கை ஓங்கிட்டாக. அடிங்கன்னு உங்க அய்யா அப்படியே நின்னாக. அதுக்கப்புறந்தான் எங்க அய்யா உட்கார்ந்து அழுதாக" என்றாள். என்னோடு பழைய மாதிரிப் பேசவில்லை. பேசாமலும் இல்லை. நோட்டுக் கேட்டால் கொடுக்கிறாள்.

இங்கே நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி உள் தாழ்ப்பாள்தான். நான் நினைத்தபோது திறக்கலாம். கைக்குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே அல்ஜிப்ரா போடுகிறேன். தும்மல்கூடக் குறைந்துவிட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை. ஹாஸ்டல் பின் கதவுக்கு இப்போது மறுபக்கம் வரை போகிற போல்ட் போட்டு முடுக்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் மூக்கம்மாளும் மற்றவர்களும் படுத்திருக்கிறார்கள். விறகு அதே இடத்தில்தான் இருக்கிறது. முன்பு அங்கே படுத்திருந்தபோது ஒரு நாள்கூட நான் பயந்ததில்லை. வெளியே வந்த பிறகு பயப்படுகிறேன். உங்கள் நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொண்டதால் ஒன்று கேட்கிறேன். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் தங்கத்தாய் அத்தையைப் பார்த்தேன். பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். சீசன் எப்படி என்று கேட்டேன். "எம்புட்டு ஆர்டரு! கட்டின பெட்டிய வைக்க எடமே இல்ல. எங்க அறை பின் கதவோட சாத்தி, கூரை முட்ட அடுக்கியிருக்கோம். லோடு வந்தாத்தான் காலியாகும். அங்கன காத்தே வரமாட்டேங்குது" என்று சாதாரணமாகச் சொன்னார்கள்.

அய்யா, அது நீங்கள் போர்மேனாக இருக்கிற அறை. என் கதவைக் கழற்ற மடியில் திருப்புளியோடு வந்தீர்களே. உங்கள் கதவை யார் பார்ப்பது? விறகு இருக்கிற இடத்தில் நான் படுத்தேன் என்று உங்களுக்குத் தூக்கம் போயிற்று. மருந்து இருக்கிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். எனக்கு அம்மா இல்லை. இருக்கிறது நீங்கள் ஒருவர்தான்.

பதில் வரும்வரை நான் ஒரு வரி படிக்கப் போவதில்லை.

ராமுத்தாய்

*

விசுவநத்தம்
17-9-1964

தாயி ராமுத்தாய்க்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் கம்பெனியில் வைத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு நேரம், அறை வாசலில் நின்று படித்தேன். நீ ஹாஸ்டலை விட்டு வந்த வரியை இரண்டு தடவை படித்தேன். உனக்குக் கிடைத்த அறுபது பேரை நானே பிடுங்கிவிட்டேன். அதற்கு என்ன சொன்னாலும் ஈடாகாது. நீ உண்மையைச் சொன்னதற்கு நான் கோபப்படவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள்.

கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பின் கதவைப் பார்த்தேன். கதவே தெரியவில்லை. பெட்டிதான் தெரிந்தது.

எப்படி இதைப் பார்க்காமல் இருந்தேன் என்று நீ கேட்பாய். நானும் கேட்டுக்கொண்டேன். தினமும் அதன் முன்னால்தான் நடக்கிறேன். கதவில் கொண்டி இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. கொண்டி இல்லை, ஆகவே கதவு திறந்திருக்கிறது என்று என் நினைப்பு. பெட்டி இரண்டு நாளில் போய்விடும், லோடு வந்துவிடும் என்று முதலில் சொன்னது நான்தான். மேனேஜர்கூட இல்லை.

மேனேஜரிடம் போய்ப் பெட்டிகளை உடனே எடுக்க வேண்டும் என்றேன். "வெள்ளிக்கிழமை லாரி வருது, அதுவரைக்கும் பொறுத்துக்கிடும். வெளிய வச்சா மழையில நனையும், யாரு பொறுப்பு?" என்றார். திரும்பி வந்து அறைப் பெண்களை எழுந்து வெளியே வரச் சொன்னேன். எதற்கு என்றார்கள். என் மகள் கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். வேறு காரணம் எனக்கு வாயில் வரவில்லை. தங்கத்தாய்தான் முதலில் எழுந்தாள். முப்பது பேரும் வேப்ப மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜர் வந்து கத்தினார். என் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். எனக்குப் பயம் வந்தது தாயி, மறைக்கவில்லை. இந்த வயதில் வேறு கம்பெனியில் யார் சேர்ப்பார்கள், உன் படிப்பு என்னாகும் என்றெல்லாம் ஓடியது. ஆனாலும் உள்ளே போகவில்லை. சாயங்காலம் ஆனபோது தார்ப்பாய் கொண்டு வந்து, பெட்டிகளை வெளியே எடுத்து மூடி வைத்தார்கள். பின் கதவைத் தள்ளினேன். கீல் துரு ஏறிப்போய் இருந்தது, தோளைக் கொடுத்து முட்டினேன், திறந்தது. அப்படியே வெளியே போய் நின்றேன். காற்று வந்தது.

இதோடு முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தீபாவளி வரை லோடு கட்டிக்கொண்டே இருப்பார்கள். நாளைக்கு மறுபடி எங்கே அடுக்குவார்கள் என்று தெரியாது. சீசன் முடிந்ததும் என்னை வைத்திருப்பார்களா, அதுவும் தெரியாது. வேலை இருக்கும்வரை காலையில் முதலில் போய் அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். நீ பயப்படாமல் இருக்க மாட்டாய். நானும் அப்படித்தான். பயந்துகொண்டே படி.

வார்டன் அம்மாவை மறுபடி போய்ப் பார். ஹாஸ்டலில் இடம் கேட்க வேண்டாம். விறகை மட்டும் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கச் சொல். அவர் திட்டுவார். திட்டி முடிந்ததும் மறுபடி சொல். இந்தத் தடவை நான் திருப்புளியோடு வரமாட்டேன்.

பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உன் அம்மா வேலை பார்த்த அந்தப் பழைய கம்பெனி அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி வீட்டிலாவது, "அந்தப் பின் கதவு என்ன ஆயிற்று?" என்று எழுதிக் கேட்க ஓர் ஆள் இருந்திருக்கலாம்.

அய்யா
பெத்தணன்